பெடல் தரை தட்டுதா? டேப்பை எடுங்க!

சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஃபிக்ஸி பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். இந்த மாதத் தபால் முழுக்க அதுதான். பஞ்சர், செயின் எண்ணெய்க் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபிக்ஸி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும், மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும். ஃபிக்ஸியில் பல்சக்கரம், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றியே தீரும். கீழே உள்ள தொல்லைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து வருபவை.

கேள்வி: அப்பாவின் பழைய ரோட்ஸ்டரை (பெரிய சக்கரம் உள்ள கனத்த சைக்கிள்) ஃபிக்ஸியாக மாற்றினேன். 700சி சக்கரம், 25 டயர், 170 மி.மீ. அலாய் கிராங்க் (பெடல் மாட்டும் கை) போட்டிருக்கிறேன். இடது பக்கம் திரும்பும்போது பெடல் தரையில் உரசுகிறது. ஒருமுறை பின்சக்கரமே மேலே எழும்பி, விழப் பார்த்தேன். கிராங்க் வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?
— கல்லூரி மாணவர், வேளச்சேரி

தம்பி, கிராங்க் வளைந்திருந்தால் நேர் ரோட்டிலேயே பாதத்துக்கடியில் பெடல் கோணலாக ஆடும், உங்களுக்கே தெரிந்திருக்கும். வளைந்தது எதுவுமில்லை. வண்டியைத் தாழ்த்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். அப்பா ஓட்டிய வண்டியில் 28 x 1½ டயர். அந்த ரிம்மின் விட்டம் 635 மி.மீ., பாதி 317.5. அதோடு டயர் உயரம் 38 சேர்த்தால் அச்சிலிருந்து தரை வரை 355 மி.மீ. சொச்சம். நீங்கள் போட்ட 700சி ரிம் 622, பாதி 311, டயர் 25; மொத்தம் 336. சக்கரம் மாற்றியதில் மட்டும் வண்டி மொத்தமும் கிட்டத்தட்ட 20 மி.மீ. இறங்கிவிட்டது. காட்டர் பின் என்கிற ஆப்பால் அச்சோடு இறுக்கும் பழைய கிராங்க் பெரும்பாலும் ஆறரை அங்குலம், அதாவது 165 மி.மீ. நீங்கள் போட்டது 170. அதில் இன்னொரு 5. ஆக, முன்பு பெடலுக்கும் தரைக்கும் இருந்த இடைவெளியில் இரண்டரை சென்டிமீட்டரை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ரோட்ஸ்டரைப் பிரிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். கனமான சக்கரத்தைக் கழற்றி ஒல்லிச் சக்கரம் மாட்டியதும் வண்டி அழகாகத் தெரிகிறது, போட்டோ எடுத்தாகிவிடுகிறது. டேப் எடுத்து அளக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அளக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. கிராங்க் சுற்றும் அச்சு, கடையில் பி.பி. என்பார்களே, அதன் நடுவிலிருந்து தரை வரை. டயரில் முழுக் காற்று இருக்கட்டும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள், நண்பர் அளக்கட்டும். உங்கள் வண்டியில் 270 மி.மீ. சுற்றி வரும் என்று நினைக்கிறேன். அதில் கிராங்க் 170 கழித்தால் 100. பெடலின் பாதிக் கனம் 12 கழித்தால் மிச்சம் 88 மி.மீ. நேராக நிற்கும்போது தரைக்கும் பெடலுக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். பெடலின் வெளி விளிம்பு வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 170 மி.மீ. தள்ளி இருக்கும். இந்த இரண்டு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் வண்டி 27 டிகிரி சாய்ந்ததும் பெடல் தரை தொடும். அப்பா ஓட்டியபோது அது 32, 33 டிகிரியாக இருந்திருக்கும்.

கணக்கு வேண்டாம் என்றால் பட்டறை வழி. பெடலை அடிமட்டத்தில் நிறுத்துங்கள். அதன் வெளி விளிம்பில் சாக்பீஸ் தடவுங்கள். இரண்டு டயரும் தரையில் இருக்க, வண்டியை மெதுவாகச் சாயுங்கள். சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, செல்போனில் மட்டம் பார்க்கிற வசதி இருக்குமே, அதை ரிம்மின் பக்கத்தில் வைத்தால் கோணம் திரையில் வந்துவிடும். நானே இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். என் அனுபவத்தில் 30-க்குக் கீழே வந்தால் ஊருக்குள் ஓட்டுகிற ஃபிக்ஸிக்கு அது போதாது.

உரசுவது ஏன் இடது பக்கமே? நாம் இடப்புறம் போகிறவர்கள். இடது திருப்பம் தெருமுனையை ஒட்டிக் குறுகலாக வரும், வலது திருப்பம் ரோட்டைக் கடந்து அகலமாக வரும். ஆறு மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் 20 கி.மீ. வேகத்தில் போனால் 28 டிகிரி சாய வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு 27-லேயே பெடல் தட்டிவிடும். அதே திருப்பத்தில் 15 கி.மீ. என்றால் 16 டிகிரி போதும். வேகத்தைக் கால்வாசி குறைத்தால் சாய்மானம் ஏறக்குறைய பாதியாகிறது. ஆகவே இன்றைக்கே செய்யக்கூடிய, காசு செலவில்லாத வைத்தியம், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது. இன்னொன்று: உடம்பை உட்பக்கம் சாய்த்து வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கப் பழகுங்கள்.

பின்சக்கரம் எழும்பியதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீவீல் வண்டியில் பெடல் தட்டினால் கிராங்க் நின்றுவிடும், வண்டி உருண்டு போய்விடும். ஃபிக்ஸியில் உருளும் சக்கரம் கிராங்க்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தரையில் ஊன்றிய பெடல் ஜாக்கி மாதிரி வண்டியையே தூக்கிவிடும். ஈர ரோட்டில் இது நடந்தால் பின்சக்கரம் திரும்பத் தரை தொடும்போது நேராக இறங்காது.

செலவு செய்வதானால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் 32 டயர், 7 மி.மீ. திரும்பக் கிடைக்கும், நம் ரோட்டுப் பள்ளங்களுக்கும் அதுதான் நல்லது. அடுத்து 165 கிராங்க். மூன்றாவதாக, மெல்லிய, அகலம் குறைந்த பெடல். மூன்றும் சேர்ந்தால் திரும்ப 32 டிகிரிக்கு வந்துவிடுவீர்கள். பெடலை மட்டும் மாற்றித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம், ஒன்றரை டிகிரிக்கு மேல் தேறாது.

கேள்வி: நேராகப் போகும்போதே வேகத்தடையில் பெடல் இடிக்கிறது. மெதுவாகப் போனாலும் இடிக்கிறது. ஏன்?
— ஐ.டி. ஊழியர், துரைப்பாக்கம்

மெதுவாகப் போனால் தப்பிக்கலாம் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல் தந்த வழிகாட்டியின்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். சைக்கிளின் இரண்டு அச்சுக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர். அந்த வளைவில் ஏறி இறங்கும்போது நடுவில் உங்களுக்குக் குறைகிற இடைவெளி வெறும் 7 மி.மீ. ஒன்றும் ஆகாது. ஆனால் நம் தெருக்களில் இருப்பது அதுவா? காண்டிராக்டர் மிச்சத் தாரையும் ஜல்லியையும் கொட்டி, ஒன்றரை அடி அகலத்தில் மேடு எழுப்பிவிட்டுப் போயிருப்பார். அதே 10 செ.மீ. உயரம்தான், ஆனால் முன்சக்கரம் இறங்கிவிட்டிருக்கும், பின்சக்கரம் ஏறியிருக்காது, மேடு நேராக உங்கள் பி.பி.க்கு அடியில் நிற்கும். முழுப் பத்து சென்டிமீட்டரும் பறிபோகிறது. மேலே வேளச்சேரித் தம்பிக்குப் போட்ட கணக்கில் பெடலுக்கடியில் இருந்தது 88 மி.மீ. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பெடல் அடிமட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய 22 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டும்தான் இடிக்கும். கிராங்க் படுத்த வாக்கில் இருந்தால் தாராளமாகக் கடந்துவிடலாம். ஃப்ரீவீல் வண்டிக்காரர் அப்படித்தான் கடக்கிறார், மேட்டுக்கு முன்னால் மிதிப்பதை நிறுத்திக் கிராங்க்கைக் கிடைமட்டத்தில் வைத்துக்கொள்கிறார். ஃபிக்ஸியில் பெடல் எந்த இடத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் உருண்ட தூரம். வேகத்துக்கு அதில் பங்கே கிடையாது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் போட்டிருந்தால் கிராங்க் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டர் சொச்சம் போகும். ஊர்ந்து வந்தாலும் பறந்து வந்தாலும், அதே கோட்டில் வந்தால் மேட்டின்மேல் பெடல் அதே நிலையில்தான் வந்து நிற்கும்.

அப்படியானால் தூரத்தை மாற்ற வேண்டும். மேட்டுக்கு முன்னால் லேசாக வளைந்து வாருங்கள். அறுபது, அறுபத்தைந்து செ.மீ. கூடுதலாக உருண்டால் கிராங்க் 45 டிகிரி நகர்ந்துவிடும். பின்னால் பைக்கோ ஷேர் ஆட்டோவோ இல்லை என்று பார்த்துவிட்டு வளையுங்கள். தினமும் போகிற தெருவில் இது ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும். தெரியாத தெருவில், அதுவும் ராத்திரியில், வெள்ளைக்கோடு அழிந்த மேட்டில், இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பிளாட்பாரத்தை ஒட்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான். ஓரக்கல் சுமார் 15 செ.மீ. உயரம். உங்கள் பெடல் அதற்குக் கீழே இறங்கி ஏறுகிறது. அதனால் ஒரு அடியாவது தள்ளிப் போங்கள். தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்த இடங்களில் சாக்கடை மூடி பள்ளத்தில் கிடக்கும். அதில் சக்கரம் இறங்கும்போது பெடல் விளிம்பைத் தட்டும்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி. 700சி சக்கரம் உள்ள சின்ன ஃபிரேமை ஃபிக்ஸியாக மாற்ற ஆசை. ஆனால் ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் ஷூவின் முனையில் இடிக்கிறது. ஃபோர்க்கை முன்னால் கொஞ்சம் வளைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
— வாசகி, மயிலாப்பூர்

வேண்டாம்மா. முதல் வேலையாக அந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்து வாருங்கள்.

வளைத்த இரும்பு உடனே முறியாது, ஒரு வருடம் பொறுத்து முறியும், அதுவும் பிரேக் பிடிக்கிற நேரத்தில் முறியும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஃபோர்க்கை முன்னால் தள்ளினால் ஹேண்டிலின் குணமே மாறும். ஹெட் டியூப், அதாவது ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாய், 73 டிகிரி, ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. உள்ள வண்டியில், ஹேண்டில் தண்டின் கோட்டை நீட்டினால் தரையில் படுகிற இடத்துக்கும் டயர் தரை தொடுகிற இடத்துக்கும் நடுவே சுமார் 56 மி.மீ. இருக்கும். வண்டி தானாக நேர்பட உதவுவது அந்தத் தூரம். முன்வளைவை 55 ஆக்கினால் அது 45-க்கு இறங்கிவிடும். ஹேண்டில் லேசாகி அலையும். ஆதாயமாகக் கிடைப்பது ஒரு சென்டிமீட்டர்.

ஷூ இடிப்பதன் காரணத்தை இப்படிப் பாருங்கள். பி.பி. நடுவிலிருந்து முன்சக்கர அச்சு வரை அளங்கள். சின்ன ஃபிரேம்களில் 570, 580 மி.மீ. இருக்கும். 25 டயர் போட்ட 700சி சக்கரம் அச்சிலிருந்து 336 மி.மீ. பின்னால் வருகிறது. கிராங்க் 170 மி.மீ. முன்னால் போகிறது. இரண்டையும் கூட்டினால் 506. மிச்சமிருக்கும் 70 மி.மீ.க்குள் பெடல் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற ஷூ முனை அடங்க வேண்டும். அடங்காது. அதற்குமேல் மட்கார்டு. நவம்பர் மழையில் மட்கார்டு இல்லாமல் இந்த ஊரில் ஓட்ட முடியுமா?

ஃப்ரீவீல் வண்டியில் இது பெரிய விஷயமில்லை. இடிக்கும் அளவுக்கு ஹேண்டில் திரும்புவது நடைவேகத்தில் மட்டும்தான். அப்போது வெளிப்பக்கக் காலைப் பின்னால் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஃபிக்ஸியில் கால் தானாக முன்னால் வந்தே தீரும். தேர் நிலைக்குப் பக்கத்தில் பூக்கடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவே யூ டர்ன் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள், முழுத் திருப்பத்தில் இரண்டு காலும் மாறி மாறி முன்னால் வரும். ஒன்று இடிக்கும். இடித்தால் ஹேண்டில் நேராகிவிடும், நீங்கள் சாய்ந்த பக்கமே விழுவீர்கள்.

என் யோசனை, 26 அங்குலச் சக்கரத்துக்கென்றே செய்த ஃபிரேமைத் தேடுங்கள். பழைய லேடீஸ் சைக்கிளோ, சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) ஃபிரேமோ. எம்.டி.பி. பி.பி. உயரம் பொதுவாக 290-க்கு மேல் இருக்கும், பெடல் தரை தட்டுகிற பயமும் போய்விடும். ஒன்றே ஒன்று, அந்தச் சக்கரத்துக்கு ஏற்ற டயரையே போடுங்கள். ரிம் 559 என்றால் ஒரு டயர், 590 என்றால் வேறு டயர், இரண்டையும் கடையில் 26 என்றுதான் சொல்வார்கள். இருக்கிற 700சி வண்டிதான் வேண்டும் என்றால், கிராங்க்கை 165 அல்லது 160 ஆக்கி, ஃப்ரீவீலோடு சிங்கிள் ஸ்பீடாக ஓட்டுங்கள். எல்லா வண்டியும் ஃபிக்ஸி ஆகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

கேள்வி: ஃபிக்ஸட் ஹப் விலை கட்டுப்படியாகவில்லை. ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டால் அதே வேலைதானே?
— வாசகர், வியாசர்பாடி

மிதிக்கிற வரைக்கும் அதே வேலை. நிறுத்தும்போது அப்படி இல்லை.

ஃப்ரீவீல் ஹப்பில் சாதாரண வலது மரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் மிதிக்க மிதிக்க இறுகும். வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னால் அழுத்துகிறீர்களே, அப்போது அதே மரை கழலப் பார்க்கும். சரியான ஃபிக்ஸட் ஹப்பில் இதற்காகவே இரண்டாவது மரை, அதுவும் இடது மரை, தனியாக வெட்டியிருப்பார்கள். அதில் ஒரு லாக் ரிங். பல்சக்கரம் கழல முயன்றால் லாக் ரிங் இறுகும். ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாவது மரை கிடையாது. பி.பி. லாக் ரிங் ஒன்றைத் தேடி மாட்டிவிடுகிறார்கள் சிலர், அதுவும் வலது மரைதான், இரண்டும் சேர்ந்தே கழலும். லாக்டைட் என்கிற மரைப் பசை போட்டால் கொஞ்ச நாள் தாங்கும். என்றைக்குத் தாங்காது என்று முன்கூட்டித் தெரியாது.

வெல்டிங் வைத்த ஃப்ரீவீலை அப்புறம் ஹப்பிலிருந்து பிரிக்கவும் முடியாமல் போகலாம். புதுப்பேட்டையில் எடைக்குப் போடவேண்டியதுதான். காசு சேரும்வரை ஃப்ரீவீலோடு ஓட்டுங்கள்.

கேள்வி: என்னுடையது கியர் சைக்கிள். கியர்களை எடுத்துவிட்டு, டிரெயிலியரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கை) மட்டும் செயின் தொங்காமல் பிடிக்க விட்டுவைத்து ஃபிக்ஸி ஆக்கலாமா?
— வாசகர், அண்ணா நகர்

கூடாது. பின்னால் அழுத்தும்போது செயினின் கீழ்ப்பாதி இழுபடும், டிரெயிலியரின் ஸ்பிரிங் அதைத் தாங்காது, வளைந்து சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். பின்சக்கரம் மாட்டும் காது கீழ்நோக்கி நேராகத் திறந்திருந்தால் செயினை இழுத்து வைக்க வழியில்லை. அச்சு நடுவில் இல்லாத எக்சென்ட்ரிக் ஹப் ஒன்று இருக்கிறது, அதைச் சுழற்றி இறுக்கலாம், ஆனால் அதன் விலைக்குப் பழைய இரும்பு ஃபிரேம் ஒன்றே வாங்கலாம். காது கிடைமட்டமாக நீண்டிருந்தால் தாராளமாக மாற்றுங்கள். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடவேண்டும், அதுவும் செயின் ஆக இறுக்கமாக இருக்கிற இடத்தில் பார்த்து.

ஒன்று கவனியுங்கள், அச்சை அந்தக் காதுக்குள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து பி.பி. உயரமும் ஓரிரு மில்லிமீட்டர் மாறும், ஏனென்றால் பல ஃபிரேம்களில் அந்தக் காது சரிவாகத்தான் இருக்கும். கடைசியாக, செயின் இறுக்கியபிறகு அளங்கள்.

கேள்வி: டிராக் சைக்கிள்களில் (சரிந்த ஓடுதளத்தில் ஓட்டும் பந்தய ஃபிக்ஸி) பி.பி. உயரமாக இருக்கும் என்கிறார்களே, அவர்கள் திருப்பத்தில் தெருவில் போகிற மாதிரி சாய்வதில்லையே?
— உடற்கல்வி ஆசிரியர், பெரம்பூர்

நல்ல கேள்வி சார். வேகமாகப் போகும்போது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. 250 மீட்டர் ஓடுதளத்தின் திருப்பம் 42 முதல் 45 டிகிரி வரை சரிந்திருக்கும். முழு வேகத்தில் வண்டி அந்தச் சரிவுக்குச் செங்குத்தாக நிற்கும், இரண்டு பெடலுக்கும் சம இடைவெளி. தொல்லை மெதுவாகப் போகும்போதுதான். ஸ்பிரிண்ட் போட்டியில் ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டபடி நடைவேகத்தில் ஊர்வார்கள் பாருங்கள், அப்போது வண்டி நிமிர்ந்துவிடும், சரிவு மட்டும் அப்படியே இருக்கும். டிராக்கில் எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, ஆகவே மேட்டுப்பக்கம் வலது கால். வலது பெடல் சரிவில் இடிக்கப் பார்க்கும். அதற்காகத்தான் பி.பி.யை உயர்த்தி, கிராங்க்கை 165 என்று சுருக்குவது.

சக்கர அச்சுக் கோட்டிலிருந்து பி.பி. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், ரோடு சைக்கிளில் 70 மி.மீ. சுற்றி இருக்கும், டிராக் வண்டியில் 50 முதல் 60. சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் விதியில் பி.பி. தரையிலிருந்து 24 செ.மீ.க்குக் குறையாமலும் 30 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அந்த ஆறு சென்டிமீட்டருக்குள்தான் எல்லா வித்தையும். டிராக்குக்காகச் செய்த உயரம் நம் தெருவுக்கும் உதவுகிறது. ஆனால் டிராக் ஃபிரேமில் ஹெட் டியூப் 74, 75 டிகிரி என்று செங்குத்தாக இருக்கும், முன்சக்கரம் காலுக்குக் கிட்ட வந்துவிடும். மயிலாப்பூர் வாசகியின் தொல்லை அதில் இன்னும் கூடும். ரோட்ஸ்டரில் ஹெட் டியூப் நன்றாகப் படுத்திருப்பதால் ஷூ இடிக்கிற பேச்சே கிடையாது. தெருவுக்கு எது நல்லது என்று கேட்டால் என் ஓட்டு, பெரிய சக்கரத்தை மாற்றாமல் ஓட்டுகிற ரோட்ஸ்டருக்கே. பார்க்க ஸ்டைலாக இல்லை என்பார்கள் பசங்க. இருக்கட்டும்.

கேள்வி: பின் டயர் ஒரே இடத்தில் வழுக்கையாகிறது. 48-க்கு 16 போட்டிருக்கிறேன். டயர் கோளாறா?
— வாசகர், பெசன்ட் நகர்

பல் கணக்குக் கோளாறு. 48-ஐ 16 மீதியில்லாமல் மூன்று தடவை வகுக்கிறது. கிராங்க் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. வண்டியை நிறுத்த, கிராங்க்கை எப்போதும் ஒரே நிலையில் காலால் பூட்டித்தானே பின்சக்கரத்தைச் சறுக்கவிடுகிறீர்கள்? டயரின் அதே இடம்தான் ஒவ்வொரு தடவையும் தேயும். 16-ஐ எடுத்துவிட்டு 17 போடுங்கள், தேய்மானம் பதினேழு இடங்களுக்குப் பிரிந்துவிடும். அதைவிட நல்லது, முன்பிரேக் போட்டுச் சறுக்குவதையே குறைப்பது. பிரேக் இல்லாமல் ஓட்டினால்தான் ஃபிக்ஸி என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பின்சக்கரத்தை மட்டும் பூட்டினால், நல்ல முன்பிரேக் நிறுத்துகிற தூரத்தைப்போல இரண்டு மடங்கு வேண்டும். டிராக்கில் குறுக்கே எம்.டி.சி. பஸ் வராது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பழைய பி.எஸ்.ஏ. கிடக்கிறது. அப்பா அம்பத்தூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வாங்கியது. மகன் ஃபிக்ஸி ஆக்கித் தரச் சொல்கிறான். ஃபிரேம் தாங்குமா?
— வாசகி, அம்பத்தூர்

தாங்கும். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டி, இரும்புக் குழாய், துரு உள்ளே ஏறாதிருந்தால் இன்னொரு தலைமுறை ஓடும். சீட் தண்டை உருவிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பி.பி. கப்பைக் கழற்றினால் அடியில் தண்ணீர் தேங்கிய தடம் தெரியும். மேல்தோலாகத் துரு இருந்தால் பரவாயில்லை, ஸ்குரூ டிரைவர் முனையால் குத்தினால் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் அதை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்ட வேண்டாம்.

பின்பக்கக் காதுகளுக்கு நடுவே அளந்தால் 110 மி.மீ. சுற்றி இருக்கும். ஃபிக்ஸட் ஹப் 120. இரும்பு ஃபிரேம் என்பதால் பக்கத்துக்கு 5 மி.மீ. விரிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு காதில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறு காதில் கட்டச் சொல்லுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் மன்னிக்கலாம். மூன்று என்றால் திரும்ப வேலை. செயின் கோடும் பார்க்க வேண்டும், முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். ஃபிக்ஸியில் செயின் நழுவினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பிரிப்பதற்கு முன்னால் பழைய சக்கரம், பழைய கிராங்க்கோடு பி.பி. உயரத்தை அளந்து ஒரு காகிதத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள் மகனிடம். புதுச் சாமான் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தக் காகிதம் சட்டைப்பையில் இருக்கட்டும். அப்பாவின் கிராங்க்கில் காட்டர் பின் தேயாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், 165 எங்கும் தேட வேண்டியதில்லை. பின்னைச் சுத்தியலால் நேராக அடித்து எடுக்க விடாதீர்கள், மரை நசுங்கிவிடும். நட்டை நுனி வரை தளர்த்தி அதன்மேல் அடிக்க வேண்டும்.

கேள்வி: பெடலில் டோ கிளிப் (ஷூ முனையைப் பிடிக்கும் கூண்டு) மாட்டியிருக்கிறேன். காலை எடுத்துவிட்டு ஓட்டினால் கரகர என்று சத்தம். பெடல் உயரம் போதவில்லையா?
— வாசகர், திருவான்மியூர்

பெடல் உயரம் சரி. காலை எடுத்ததும் கிளிப்பின் கனத்தால் பெடல் தலைகீழாகப் புரண்டுகொள்கிறது, கிளிப்பும் வாரும் கீழே தொங்குகின்றன. அதில் உங்களுக்கு ஆறேழு சென்டிமீட்டர் போய்விடும். சிக்னலில் கிளம்பியதும் முதல் சுற்றிலேயே ஷூ முனையால் பெடலைத் தட்டிப் புரட்டிக் காலை நுழைக்கப் பழகுங்கள். அது வரும்வரை அகல வார் உள்ள பெடல் போதும். கிளிப்பைத் தொங்கவிட்டபடியே திருப்பத்தில் சாய்ந்துவிடாதீர்கள், மேலே சொன்ன 30 டிகிரி கணக்கெல்லாம் கிளிப் நிமிர்ந்திருக்கும் பெடலுக்குத்தான்.